இன்ஜினுக்கு இருமல்

யந்திரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை; என் வீட்டாரைக் கேட்டால் சத்தியம் செய்தே சொல்வார்கள். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போய் அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டவன் என்ற கீர்த்தி எனக்குச் சிறு வயதிலேயே ஏற்பட்டுவிட்டது. அப்பேர்ப்பட்டவன் ஒரு பழைய பிக்கப் வண்டியின் இன்ஜின் சத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ‘இவருக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?’ என்று வாசகர்கள் கேட்பது நியாயம்தான். அகப்படாமல் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. அது எனக்கே கடைசியில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

வண்டி என் தங்கையின் கணவருடையது. பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைக்குப் போகிற வழியில், அவர்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பு வருமானம் பாதி, வண்டி வருமானம் பாதி என்று குடும்பம் நடக்கிறது. தேங்காய், மட்டை, மாட்டுத் தீவனம், கல்யாண வீட்டுப் பாத்திரம், எதை ஏற்றச் சொன்னாலும் மாப்பிள்ளை முகம் கோணாமல் ஏற்றுவார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்த டீசல் வண்டி. எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப்போவதில்லை. நடந்ததில் கம்பெனியின் குற்றம் எதுவும் இல்லை.

சென்ற ஆனி மாதம் நான் அங்கே போயிருந்தேன். தங்கை மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த சமயம். பத்து நாளைக்குள் பணம் கட்டவேண்டும். பணமும் தயாராகப் பீரோவில் இருந்தது. வீடு சந்தோஷமாக இருக்கவேண்டிய நேரம். ஆனால் வாசலில் மாப்பிள்ளை வண்டியை உறுமவிட்டு, முன்மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, “வாங்க மச்சான்! இதைக் கொஞ்சம் கேளுங்க. என்னமோ தட்டுதுங்க” என்றார்.

கேட்டேன். டீசல் இன்ஜினின் வழக்கமான கடகடப்புக்கு அடியிலிருந்து, யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு முட்டியால் தட்டுவதுபோல, டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

இந்த மாதிரிச் சத்தம் ஒரு கிராமத்தில் கிளம்பிவிட்டால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சம் இராது. பக்கத்துத் தோட்டக்காரர், ‘ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை’ என்றார். பால் வண்டிக்காரர், ‘டீசலில் கலப்படம்’ என்றார். ஒரு கல்லூரி மாணவர் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து கோயமுத்தூரிலுள்ள நண்பருக்கு அனுப்பினார். அந்த நண்பர், ‘எனக்கு மழை பெய்கிற மாதிரிதான் கேட்கிறது’ என்று பதில் போட்டார். அவர் மேல் தப்பில்லை. கைப்பேசியின் கடுகத்தனை ஒலிபெருக்கியில் அடித்தொண்டைச் சத்தம் ஏறாது. கீச்சுக் குரல்தான் ஏறும்.

டவுனில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, “கிராங்க் பேரிங் போயிடுச்சு. இன்ஜினை இறக்கணும். எழுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு நான் செய்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கைப்பேசியை வைத்துக்கொண்டு நடுநிசிவரை இன்ஜின் சத்தங்களைப் பற்றிப் படித்தேன். காலையில் காபி குடிக்கும்போது, படித்தவன் தோரணையில், “பட்டறைக்காரர் சொன்னது சரிதான். ஆழமான தட்டல், சுற்றுக்கு ஒரு தடவை தட்டுகிறது, கீழேயிருந்து வருகிறது. கிராங்க்தான். இன்னும் ஓட்டினால் இன்ஜினே உடைந்துபோகும்” என்று தீர்ப்புச் சொன்னேன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதவு தட்டும் சத்தம் கேட்டதுமே முடிவு வரையில் போய்விடுவான். அதுவும் சோக முடிவாகவே பார்த்துப் போவான்.

தங்கை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தன் சங்கிலியைக் கழற்றி எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். மாப்பிள்ளை, “அதை எடு அம்மிணி. பீரோவுல இருக்கிற பணத்தை இதுக்குப் போட்டுட்டு, அதுக்கு வேற வழி பார்க்கலாம்” என்றார். ‘அது’ என்றது காலேஜ். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, “நான் அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேனுங்கப்பா” என்றது. குரலில் அழுகை இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பிற்பகல் மாப்பிள்ளைக்கு ஒரு ஞாபகம் வந்தது. உடுமலைப் பக்கம் ஒரு கிழவர் இருக்கிறார். அந்தக் காலத்து மேஸ்திரி. இப்போது வேலையைக் குறைத்துக்கொண்டுவிட்டார். ஆனால் சொன்னால் தப்பாது. “இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடி அவர் காதுல ஒருக்காப் போட்டுடலாமுங்க” என்றார். நான், “எதற்கு வீண் அலைச்சல்?” என்றேன். நல்லவேளை, அந்த வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை.

மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மேஸ்திரியின் பட்டறை என்பது ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கொட்டகையும்தான். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து நின்றபோது அவர் எழுந்து வரவில்லை. ‘அணைத்துவிடு’ என்று கையால் ஜாடை காட்டிவிட்டு, எங்களை உட்காரச் சொல்லி, கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“எத்தனை நாளாத் தட்டுது?”

“பதினஞ்சு இருபது நாளாங்க. மொதல்ல லேசா இருந்துச்சு.”

“காலையில முதல்ல எடுக்கறப்ப அதிகமா, ஓடிச் சூடான பொறகு அதிகமா?”

“ரெண்டு நேரமும் ஒரே மாதிரிதானுங்க.”

“பாரம் ஏத்தி மேடு ஏறறப்ப?”

“அப்பக் கொஞ்சம் அடங்குற மாதிரி இருக்குங்க. நிறுத்திச் சும்மா ஓடவிட்டாத்தான் நல்லாக் கேக்குது.”

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். “கடைசியா இன்ஜின்ல என்ன வேலை பார்த்தீங்க?”

“ஆயில் மாத்தினேன், பில்டர் மாத்தினேன்…” என்று சொல்லிக்கொண்டே வந்த மாப்பிள்ளை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “அவ்வளவுதானுங்க” என்று முடித்துக்கொண்டார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

“வண்டி ராத்திரி இங்கேயே நிக்கட்டும். சில்லுனு இருக்கிற இன்ஜினைத்தான் நான் கேக்கணும். காலையில வாங்க” என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். அந்தப் பாதையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு வரும். 1920-இல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கியது இந்தப் பொள்ளாச்சி - பழனி மார்க்கத்தில்தான். ஒரே பஸ் வைத்திருப்பவனுக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தன் குழந்தையின் இருமலைப் போலத்தானே கேட்டிருக்கும்? பக்கத்தில் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் இருப்பது ஒரே வண்டி.

வைத்தியர்களும் இந்தக் கலையைக் காதாலேதான் கற்றார்கள். ஆஸ்திரியாவில் ஆவன்ப்ருகர் என்று ஒரு டாக்டர். அவருடைய தகப்பனார் விடுதி நடத்தினவர். பீப்பாயில் மது எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை வெளியே தட்டிப் பார்த்துச் சொல்வது அங்கே வழக்கம். அதேபோல மனிதனின் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று சொல்லலாம் என்று 1761-இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர், ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயத்தின் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். நம் மேஸ்திரிகள் காகிதத்துக்குப் பதில் நீளமான ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டார்கள். காற்றில் வருவதைவிட இரும்பில் சத்தம் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். அதோடு வழியில் வேறு சத்தத்தைக் கலக்கவிடாமல் கொண்டுவந்து சேர்க்கும்.

மறுநாள் விடியற்காலையில் பெண்ணும் எங்களோடு புறப்பட்டது. கல்லூரிக்கு வேண்டிய சான்றிதழ்களை உடுமலையில் நகல் எடுக்கவேண்டுமாம். ‘அடுத்த வருஷம்’ என்று சொன்ன பிறகு நகல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மேஸ்திரி வேலையை ஆரம்பித்தார். முதலில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, ஒரு சொட்டு ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் விட்டு, விரலால் பரப்பி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “பேரிங் தின்னுருந்தா இதுல ஜரிகைப்பொடி மாதிரி மின்னணும். காந்தத்துல ஒட்டாது, அதனால கண்ணுலதான் பார்க்கணும். ஒண்ணும் மின்னலை” என்றார். எனக்கு முதல் அடி விழுந்தது.

அப்புறம் வண்டியை எடுக்கச் சொன்னார். டொக் டொக் வந்தது. சிலிண்டரில் பிஸ்டன் தளர்ந்து ஆடினால், காலைக் குளிரில் சத்தம் அதிகமாக இருந்து, சூடேறிப் பிஸ்டன் பருத்ததும் அடங்கிவிடுமாம். அரை மணி நேரம் ஓடியும் இது அடங்கவில்லை. எனவே அது இல்லை. கிராங்க் பேரிங் தேய்ந்திருந்தால் சூடான பிறகு ஆயில் நீர்த்துப்போய், ஆயில் அழுத்தம் காட்டும் முள் கீழே இறங்கும், சத்தம் பெரிதாகும். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தமும் பெரிதாகவில்லை. எனக்கு இரண்டாவது அடி.

“டாப்பட்டா இருக்குமோ?” என்றேன், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

மேஸ்திரி சிரித்தார். “டாப்பட் டிக்டிக்குங்கும், டொக்குங்காது. அதுவுமில்லாம டாப்பட் அரைத் தாளம், கிராங்க் முழுத் தாளம்” என்றார். இதை அவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். ஆகையால் வால்வுப் பக்கத்துச் சத்தம் இன்ஜினின் வேகத்தில் பாதிதான் அடிக்கும். அவர் தொடையில் ஒரு கையால் முழுத் தாளமும் மறு கையால் அரைத் தாளமும் போட்டுக் காட்டினார். எங்கள் சத்தம் முழுத் தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

நம் பாஷையில் சத்தத்துக்குத்தான் எத்தனை சொற்கள்! கடகட, லொடலொட, கறகற, நறநற, சடசட. இரட்டைக்கிளவி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிரித்தால் பொருள் தராது என்று தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். பட்டறையில் ஒவ்வொன்றுக்கும் பொருள் வைத்திருக்கிறார்கள். ‘கிறீச்’ என்றால் பெல்ட் வழுக்குகிறது. ‘கறகற’ என்றால் தண்ணீர் பம்ப் பேரிங். கிளட்சை மிதித்ததும் ‘நறநற’ வந்தால் கிளட்ச் பேரிங். மிதித்ததும் நின்றுபோனால் கியர் பெட்டிக்குள் கோளாறு. ‘சட்சட்’ என்று டாப்பட்டைப் போலவே அடித்து, சூடானதும் குறைந்தால், புகைபோக்கி சேரும் இடத்தில் ஓட்டை; அங்கே கரி படிந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் டீசல் இன்ஜினுக்கென்றே ஒரு சொந்தத் தட்டல் வேறு உண்டு. அதில் நெருப்புப் பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடேற்றி, அதில் டீசலைத் தெளித்ததும் தானே பற்றிக்கொள்கிறது. அந்தப் பற்றல்தான் நாம் கேட்கும் கடகட. இருக்கவேண்டிய தட்டலிலிருந்து இருக்கக்கூடாத தட்டலைப் பிரித்தெடுப்பதுதான் வித்தை.

மேஸ்திரி மாப்பிள்ளையைக் கிளட்ச் மிதிக்கச் சொன்னார். சத்தத்தில் மாறுதல் இல்லை. பிறகு ஒரு ஸ்பானரை எடுத்து, முதல் நாசிலுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்தினார். “யாரும் கையைக் கிட்டக் கொண்டுவராதீங்க. இந்த டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறிடும்” என்று எச்சரித்தார். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றது. இன்ஜின் நொண்டியது. எந்தச் சிலிண்டரில் கோளாறோ அதை நிறுத்தினால் தட்டலும் அடங்கிவிடும் என்பது கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். டொக் டொக் எதற்கும் அடங்கவில்லை.

“உள்ள இல்லை” என்றார் மேஸ்திரி. “வெளியதான் எங்கேயோ இருக்குது.”

ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். இப்போது தண்ணீர் பம்பும், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் சுற்றாது, ஃபேனும் நின்றுவிடும். தண்ணீர் சுற்றாததால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடவிடக்கூடாதாம். இன்ஜினை எடுத்தார்கள். தட்டல் இருந்தது. ஆனால் மேஸ்திரியின் முகம் மாறியது. “தட்டுது. ஆனா நடை மாறிப்போச்சு, கவனிச்சீங்களா?” என்றார். நான் கவனிக்கவில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு, நீண்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் திகைத்தேன்.

“எனக்குக் காது போச்சுங்க” என்றார், சங்கோஜம் இல்லாமல். “ஐம்பது வருஷம் இன்ஜின் பக்கத்துலயே நின்னா என்னத்துக்கு ஆகும்? பெரிய தட்டல் கேக்குது. சன்னமான சத்தமெல்லாம் போயிடுச்சு. ஒரு பையன் இருக்கான், அவன்தான் எனக்குக் காது. இன்னைக்கு அவன் கல்யாணத்துக்குப் போயிட்டான். நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

நான் பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு, முனையை அவர் காட்டிய இடங்களில் வைத்தேன். பக்கவாட்டில் வைத்தேன், கீழே ஆயில் தொட்டியில் வைத்தேன், முன்னால் வைத்தேன். எனக்கு எங்கே வைத்தாலும் ஒரே டொக் டொக். “கீழேதான் ஜாஸ்தி” என்றேன்.

மேஸ்திரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்க கீழதான்னு முடிவு பண்ணிக்கிட்டுக் கேக்கறீங்க” என்றார்.

என் எழுத்தைப் பற்றி விமரிசகர்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இதைப்போல ஒன்று என்னைத் தைத்ததில்லை.

“பாப்பா, நீ வா” என்று பெண்ணைக் கூப்பிட்டார். “துப்பட்டாவைக் கழட்டி வெச்சுட்டு, சடையைத் தூக்கி முடிஞ்சுக்க. ஓடற இன்ஜின் முடியைப் பிடிச்சா விடாது.” பெண் அப்படியே செய்தது. கண்ணை மூடிக்கொண்டது. நான் வைத்த இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டது. பிறகு ஒரு முறை மறுபடியும் முதலிலிருந்து வந்தது.

“கீழ, தூரத்துல கேக்குதுங்க தாத்தா. இந்த முன்பக்க மூடியிலதான் காதுக்குள்ளயே அடிக்குது. டொக்குக்கு முன்னாடி சின்னதா ஒரு ‘டிக்’ வருதுங்க” என்றது.

“அணை!” என்றார் மேஸ்திரி.

இன்ஜின் நின்றது. கிராங்க் தண்டின் நுனியில், பெல்ட்டைச் சுழற்றும் கனமான சக்கரம் இருக்கிறது, புல்லி என்பார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். அமைதியில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது: டிக். மறுபடி ஆட்டினார்: டிக். அதைப் பிடித்திருக்கும் பெரிய நட்டில் ஸ்பானரைப் போட்டார். குழாய் செருகி இரண்டு பேர் தொங்கினால்தான் அசையவேண்டிய நட்டு, ஒரு கையிலேயே கால் சுற்றுத் திரும்பியது.

புல்லியைக் கழற்றிக் காட்டினார். தண்டிலும் புல்லியிலும் வெட்டியிருக்கும் காடியில், இரண்டையும் பிணைக்க ஒரு சிறு இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குக் ‘கீ’ என்று பெயர். அதன் ஓரங்கள் மழுங்கி, சோப்புக்கட்டியைப் போல ஆகியிருந்தன. புல்லி தளர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கீயை இடித்துக்கொண்டிருந்தது. கிராங்க் தண்டிலேயே இடிப்பதால் கிராங்க் சத்தத்தைப் போலவே கேட்டிருக்கிறது. பெரிய பட்டறைக்காரரும் ஏமாந்தார், நானும் ஏமாந்தேன்.

“இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா தண்டோட காடியும் போயிருக்கும். அப்ப நிசமாவே கிராங்க் வேலைதான்” என்ற மேஸ்திரி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். “இது தானாத் தளராது. புல்லியை யாரு கழட்டுனது?”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மாசி மாதத்தில் நான் கோவையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிபோனேன். என் புத்தகங்களை, முப்பத்தெட்டுப் பெட்டிகளை, மாப்பிள்ளைதான் தம் வண்டியில் ஏற்றி வந்தார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது முன்பக்கத்திலிருந்து ஆயில் ஒழுகுவதைப் பார்த்து நிறுத்தினோம். சாலையோரத்தில் ஒரு கடை. அங்கே இருந்த பையன் புல்லியைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் ஆயில் சீலை மாற்றினான். மாட்டும்போது, “நட்டு பூட்டற வாஷர் பழசாயிடுச்சுங்க. புதுசு வாங்கிட்டு வந்து போட்டா நல்லது. அரை மணி ஆகும்” என்றான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரமே இருந்தது. “இருக்கிறதையே போட்டு முடி, தம்பி” என்றேன். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அதைத்தான் முதல் நாள் அவர் மேஸ்திரியிடம் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார்.

“ஏன் மாப்பிள்ளை சொல்லவில்லை?” என்றேன்.

“சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க மச்சான். அதோட, சீல் மாத்தினதுக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கும் தோணலைங்க” என்றார்.

எழுபதாயிரம் ரூபாய் என்று தீர்ப்புச் சொன்னபோதும், பெண்ணின் படிப்பை ஒரு வருஷம் தள்ளிவைக்கப் பேசியபோதும், என் எதிரில் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நோய் முதல் நாளே தெரிந்திருக்கும். புதிய வண்டிகளில் ஒரு கம்ப்யூட்டரைச் செருகினால் அது கோளாறுக்கு ஓர் எண்ணைக் காட்டிவிடுமாம். காட்டட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி மனம் நோகக்கூடாதென்று ஒருவர் மறைத்த சங்கதியை எந்தக் கம்ப்யூட்டர் எடுத்துச் சொல்லும்? அதற்கு அந்தக் கிழவரைப்போல, “கடைசியா என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வந்த விதத்தையும் கவனித்து வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

தண்டின் காடி தப்பித்திருந்தது. புல்லியின் காடி மட்டும் சற்று அகன்றிருந்ததால், உடுமலையில் ஒரு லேத்துப் பட்டறையில் அதற்குத் தகுந்த கீ ஒன்றைச் செய்து வாங்கினோம். புது வாஷர் போட்டு, குழாய் செருகிய ஸ்பானரில் மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து தொங்கி, நட்டை இறுக்கினோம். மாலை நாலு மணிக்கு இன்ஜினை எடுத்தார்கள். கடகட என்றது. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டிக்கொண்டிருந்தவன் போய்விட்டான்.

எல்லாம் சேர்ந்து ஆயிரத்து முந்நூறு ரூபாய் ஆயிற்று. மேஸ்திரி தமக்கென்று கேட்டது ஐந்நூறு. நான் ஆயிரம் கொடுத்தேன். ஐந்நூறை எடுத்துக்கொண்டு மீதியைப் பெண்ணின் கையில் திணித்து, “காது கொடுத்தது நீதான். காலேஜுக்குப் போறப்ப பேனா வாங்கிக்க” என்றார். பெண் எங்கள் முகத்தைப் பார்த்தது. மாப்பிள்ளை, ‘வாங்கிக்கொள்’ என்று தலையசைத்தார்.

மூன்றாம் நாள் பணம் கட்டியாகிவிட்டது. பெண் இப்போது கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறது. தங்கையிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் நானே சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “பால் நல்ல நேரத்துலதானே காய்ச்சினீங்க அண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

நல்ல நேரத்தில்தான் காய்ச்சினோம். அன்று அவ்வளவு அவசரமாகக் கொண்டுபோய் இறக்கிய முப்பத்தெட்டுப் பெட்டிகளில் பதினொன்று இன்னும் பிரிக்கப்படாமல் என் மாடி அறையில் கிடக்கின்றன.